பன்னிரண்டாவது அறை

பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த ஆட்டம்:
உப்புக் கிடங்கு.
தொப்பி போட்ட ஒருவன்,
பதினெட்டுப் புள்ளி உயரம்,
உப்புப் பாளங்களைத் தள்ளிக்கொண்டு போவான்.
தள்ளலாம். இழுக்க முடியாது.
சுவரோரம் ஒட்டினால் ஒட்டியதுதான்.
தண்ணீரில் விழுந்தால் கரைந்ததுதான்.
அவ்வளவே சட்டம்.

அதைச் சோபாவில் சாய்ந்தபடி
கன்ட்ரோலரில் ஆடும்படி
மாற்றித் தருவது என் வேலை.
புர்னோ, ஜனவரி, நான்காவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே டிராம்
அழுக்குப் பனியை நசுக்கிக்கொண்டு திரும்புகிறது.

ஹினெக் எழுதிய நிரலைத் திறந்தால்
பாதி நிரல், பாதி வசவு.
‘இந்த வரியைத் தொடாதே.
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது.’
தொட்டேன்.
மூன்று நாள் ஓடவில்லை.

கன்சோல்காரர்களின் விதிப்புத்தகம்
தலையணைக்கு ஆகும்.
அதில் ஒரு விதி:
ஆடுகிறவரின் கன்ட்ரோலர் துண்டித்துப்போனால்
அந்தக் கணமே ஆட்டம் நிற்க வேண்டும்.
பேட்டரியை உருவி உருவிச் சோதித்தேன்,
நாற்பது முறை.
நாற்பது முறையும் அவன்
பாளத்தில் கைவைத்தபடி நின்றான்.
போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது
எனக்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்கலாம்.

பதிப்பாளர் ராட்டர்டாமிலிருந்து பேசினார்.
பழைய ஆட்டத்தைப் புதுப் பெட்டியில் விற்கக்
கொசுறு வேண்டுமாம்:
பன்னிரண்டு புதிய அறைகள்,
ஒரு ‘பின்வாங்கு’ பொத்தான்.

ஹினெக் இப்போது ஆட்டம் செய்வதில்லை.
ஓலோமோவ்ட்ஸ் ஆஸ்பத்திரிகளில்
லிஃப்ட் பழுதுபார்க்கிறான்.
அடித்தளக் கேன்டீனில், நகமெல்லாம் கிரீஸோடு
எதிரே உட்கார்ந்தான்.
‘பின்வாங்கவா?
நாற்பதாம் அறையில் ஒரு தப்புக்கு
ஒரு மணி நேரம் வீணாய்ப் போனால்தான்
அடுத்த முறை கை தயங்கும், க்வியெதா.
தயங்காத கைக்கு எதற்குப் புதிர்?’
உப்புப் பெறாத விஷயம்;
சூப் ஆறும்வரை சண்டை போட்டோம்.
பக்கத்து மேஜை நர்ஸ் எழுந்து இடம் மாறினாள்.
கடைசியில் அவனே சொன்னான்:
பொத்தானை வை.
தண்ணீரில் விழுந்ததை மட்டும் மீட்டுக் கொடுக்காதே.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தன,
லிஃப்ட் கம்பெனி ரசீதுகளின் முதுகில்
பென்சிலால் கட்டம் போட்ட அறைகள்.
பதினொன்றும் பிசாசுகள்.
ஏழாவதில், நல்ல பாளம் ஒன்றை
வேண்டுமென்றே, கண்ணைத் திறந்துகொண்டே,
கரைத்தால்தான் வழி.
அதைக் கண்டுபிடித்த ராத்திரி
எனக்குத் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாம் தாளில்
நான்கு சுவர். ஒரு கதவு.
கதவு திறந்திருந்தது.
பாளம் இல்லை. தண்ணீர் இல்லை.
மறந்துவிட்டானோ என்று போன் செய்தேன்.
‘எண்ணிப்பார், கணக்குச் சரியாக இருக்கும்’ என்றான்.
அவனுக்குப் பின்னால் எங்கோ
ஒரு லிஃப்ட் மணியடித்துத் திறந்தது.

சோதிக்க வந்த ஓட்டகர் கெட்டிக்காரன்.
பதினொன்றையும் ஒரே இரவில் முடித்தவன்,
ஏழாவதை ஒன்பது நிமிடத்தில்.
பன்னிரண்டில் உட்கார்ந்தான்.
சுவர் சுவராக முட்டிப் பார்த்தான்.
மூலைக்கு மூலை நடந்தான்.
காகிதம் கேட்டு வாங்கிப் படம் வரைந்தான்.
திறந்த கதவைக் காட்டி
‘அது பொறி’ என்றான் என்னிடம், ரகசியமாக.
பின்வாங்கு பொத்தானை அழுத்தினான்.
பின்வாங்க எதுவும் இல்லை.

இருபத்தாறாவது நிமிடம்,
வாசலுக்கு ஒரு கட்டம் இப்பால் நிற்கும்போது
பேட்டரி தீர்ந்தது.
விதிப்படி
ஆட்டம் நின்றது.

மேஜை டிராயரை இழுத்தேன்.
இரண்டு பேட்டரி கிடைத்தன; கையில் வைத்துக்கொண்டேன்.
திரையில் தொப்பிக்காரன்
கதவைப் பார்த்தபடி நிற்க,
ஓட்டகர் குனிந்து
அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தான்:
‘அறை பன்னிரண்டு. மிகக் கடினம்.
குறிப்பு ஏதாவது கொடுக்கலாம்.’